ஊசிக் கணக்கில் ஒரு சாவு

ஆய்வின் குலுக்கிப் பெட்டி திருமாறனை ஊசி அணியில் தள்ளியது. அந்தப் பெட்டிக்கு அக்கா தம்பியெல்லாம் தெரியாது. அறுவை அரங்குக்குப் போகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பதே அதன் வேலை. ஒரு பாதிக்கு மணிக்கட்டுத் தமனியில் குத்தி ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய ஊசி. மறுபாதிக்குக் கையில் வளையமாக மாட்டும் புதிய அழுத்தக்காப்பு. காப்பு தோலுக்கு மேலிருந்தே ஒளியால் ரத்த அழுத்தத்தை அளக்கும். இறங்கினால் தானே மருந்தும் செலுத்தும். எந்த அணியில் சாவு குறைவோ அந்தக் கருவி நாடு முழுக்க, மற்றது குப்பைக்கு.

"எம்.எல்.ஏ. மச்சானுக்குக் காப்பு, எனக்கு ஊசியாக்கா?" ஈரல் கட்டியோடு படுத்திருந்த திருமாறன் கேட்டான். "நீ இங்க மயக்க டாக்டரா இருந்து என்ன பிரயோஜனம்?"

"வாயை மூடிட்டுப் படுடா," என்றாள் செண்பகவல்லி.

அவன் மயங்கியதும் ஊசியை ஓரம் வைத்துவிட்டுக் காப்பை மாட்டினாள். ஆய்வுத் திரையில் 'ஊசி' என்றே இருந்தது. கூடப்பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் அப்புறம் எதற்கு எம்.டி.?

காப்பு நூற்றிருபது காட்டியது. வெகுநேரம் கழித்தும் நூற்றிருபது. அப்படியொரு ஒழுக்கம்.

"பிரஷர் எப்படி மேடம்?" என்றார் சர்ஜன் அருள்தாஸ்.

"நூத்தியிருபது சார்."

"வெட்டின இடத்துல ரத்தமே கசியலையே."

அவள் தம்பியின் கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை. நெஞ்சை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்தபோதும் காப்பு நூற்றிருபதிலேயே இருந்தது.

கருமாதி முடிந்த வாரம் ஆய்வின் முடிவு வந்தது. மாட்டியது எதுவானாலும், குலுக்கி தள்ளிய அணியின் கணக்கில்தான் சாவு சேரும், விதி அப்படி. அதுவரை இரண்டு அணியும் சமம். திருமாறனால் ஊசி தோற்றது.

அவள் அருள்தாஸிடம் போனாள். "சார், தம்பிக்கு நான் மாட்டினது காப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மாமியாருக்கும் அதான். இன்னும் ரெண்டு மூணு பெரிய வீட்டு ஆளுங்களுக்கும்."

"அவங்கள்லாம்?"

"செத்தவங்கதான். எல்லாம் ஊசிக் கணக்குல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சொல்லணும்னா சொல்லுங்க. சேர்ந்தே ஜெயிலுக்குப் போலாம்."

அவள் சொல்லவில்லை.

மறுவாரம் ஊசிகளை மூட்டையாகக் கட்டி எடுத்துப்போனார்கள். அரங்க வாசலில் ஒருவர் கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"கவுன்சிலர் லைன்ல இருக்காருங்க மேடம். என் சம்சாரத்துக்குக் காப்பு கிடைக்கணும்."

"அவரை வெச்சிடச் சொல்லுங்க," என்றாள் செண்பகவல்லி. "சிபாரிசெல்லாம் வேண்டாம். இனிமே எல்லாருக்கும் காப்புதான்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.