போயிட்டு வாறேன் டீச்சர்

மார்ச் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஜீப்புகள் மேலே ஏறி வரத் தொடங்கிவிட்டன. சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரக் கூரை போட்டு நிற்கிற அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வருஷத்தில் இரண்டு நாள்தான் இத்தனை வண்டி வரும். திறக்கிற நாள் ஒன்று, அடைக்கிற நாள் ஒன்று. அப்பாமார்கள் இறங்கி வந்து பெட்டிகளைத் தூக்கினார்கள். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, இரண்டு மாத லீவுக்கு ஏதோ இரண்டு யுகம் பிரிவது போல அழுதுவிட்டு, ஜீப்பில் ஏறியதும் சிரித்தார்கள்.

சந்தனமேரி டீச்சர் கேட்டருகே நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. தமிழ் டீச்சரும் அவள்தான், ஹாஸ்டல் வார்டனும் அவள்தான். பிள்ளைகள் அவளுக்குப் பயந்தது பிரம்புக்காக அல்ல, ஒரு சொல்லுக்காக. அந்தக் கேட்டைத் தாண்டும் யாரும் அவளிடம் "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

"போறேன்னா என்ன அர்த்தம்? திரும்பி வர மாட்டியா? ஒழுங்கா சொல்லு."

"போயிட்டு வாறேன் டீச்சர்."

"ம். போயிட்டு வா."

மீன்காரர் வண்டியைக் கிளப்பிய பிறகுகூட அவரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்ல வைத்திருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய் இல்லை.

மதியத்துக்குள் ஹாஸ்டலின் முப்பத்தொரு பெண்களும் சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாகக் கணக்கு டீச்சர் செல்வப்பிரியா பையோடு வந்து நின்றாள். மலையாளத்துச் சித்தூர்ப் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து இதுதான் முதல் வருஷம்.

"ஏனுங்க டீச்சர், ரெண்டு மாசமும் இங்கயே ஒத்தையாவா இருப்பீங்க? எங்கூட வாங்க. எங்க ஊட்டுல ஒரு ரூம் சும்மாதானுங்க கெடக்குது."

"வெயில் எனக்கு ஒத்துக்காதும்மா."

"எனக்கு இந்த எடமே ஒரு மாதிரியா இருக்குதுங்க. அந்தப் புள்ள போனதுல இருந்து."

"நேரமாச்சு. உடுமலைப்பேட்டை பஸ்ஸ விட்டுராத."

செல்வப்பிரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போயிட்டு வர்றேனுங்க என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

வெயில் ஒத்துக்காது என்றது சுத்தப் பொய். எல்லாரும் எப்போது கிளம்புவார்கள் என்று சந்தனமேரி காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புள்ள என்று செல்வப்பிரியா சொன்னது பூமாரியை. ஏழாம் வகுப்பு. சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்து வேலை பார்க்கும் காளிச்சாமியின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. அக்டோபரில் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டிரைவர் ஜிஜோவின் ஜீப்பில் ஏற்றினார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கன்னமெல்லாம் சிவந்து, அந்தப் பிள்ளை "போறேன் டீச்சர்" என்றது. அந்த நேரத்தில்கூடச் சந்தனமேரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒழுங்கா சொல்லு என்றாள். பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னது.

"போயிட்டு வாறேன் டீச்சர்."

"போயிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

அன்றைக்கு மழையில் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. அதை வெட்டி நகர்த்த இரண்டு மணி நேரம் ஆயிற்று. பூமாரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் ஹாஸ்டலில் பேர் வாசிக்கும்போது, பழக்கதோஷத்தில் அந்தப் பேரையும் வாசித்துவிட்டாள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"உள்ளேன் டீச்சர்."

பின்வரிசையிலிருந்து வந்தது. சளி கட்டிய, மெலிந்த குரல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தனக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மலையாள டிவிஷன் பிள்ளைகள் ஹாஜர் என்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் உள்ளேன் என்பார்கள். உள்ளேன் என்றால் இருக்கிறேன் என்று அர்த்தம். ஜூன் மாதத்தில் அவளே நடத்திய பாடம்.

முதல் சில வாரம் ஜெபமாலை கையை விட்டு இறங்கவில்லை. தூங்கும் கூடத்தின் கடைசிக் கட்டிலருகே போனால் ஈரக் கம்பளியும் தைலமும் கலந்த வாசனை அடித்தது, கால் சில்லிட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளைகள் போன பத்து நாளில் அந்தப் பயம் வேறு ஏதோ ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் தானே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வந்தது. இங்கே வந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு லீவு நாளில் அவள் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கென்று யாரும் இல்லை. இப்போது ஒரு ஆள் இருந்தது. அது என்ன ஆள் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. கேட்டைப் பூட்டப் போனபோது வெளியே ஒரு ஆள் நின்றிருந்தான்.

காளிச்சாமி.

"கும்பிடுறேன் டீச்சர்."

"வாங்க காளிச்சாமி. பெட்டிய எடுத்துத்தான் வச்சிருக்கேன்."

"பெட்டிக்கு வரல டீச்சர்." அவன் பள்ளிக்கூடத்துக் கூரையைப் பார்த்தான். "எல்லாரும் அவங்கவங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போறாங்க. நானும் எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

அவள் பூட்டாமலே சாவியை இடுப்பில் செருகினாள்.

"வருசம் முடிஞ்சா வீட்டுக்கு வரணும்ல? அவ வரவே இல்ல டீச்சர். எங்க நாய் அவ வாசனைக்கே வால ஆட்டும். அஞ்சு மாசமா ஒரு நாள்கூட ஆட்டல. வந்திருந்தா அதுக்குத் தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஜீப்புல ஏறும்போது என்ன பேசுனீங்கன்னு ஜிஜோ சொன்னான். நீங்க வரச் சொன்னீங்க, அவ வந்துட்டா. சொன்ன பேச்சு கேக்குற பிள்ள அது."

"காளிச்சாமி, அதெல்லாம்..."

"இங்க இல்லன்னு சொல்லுங்க. நான் திரும்பிக்கிறேன்."

அவள் தூங்கும் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்கதான் அனுப்பணும். போன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், போ மட்டும். எங்கூட வரட்டும், அவ அம்மாட்ட போய்ச் சேரட்டும். நான் ரோட்டுல தள்ளி நிக்கேன்."

சந்தனமேரி தூங்கும் கூடத்துக்குள் போனாள். மெத்தை சுருட்டிய முப்பத்திரண்டு இரும்புக் கட்டில்கள். ஜன்னலில் பனி வெள்ளையாக அப்பியிருந்தது. தகரக் கூரை குளிரில் சுருங்கி எங்கோ ஒரு தடவை டொக்கென்றது.

"பூமாரி."

பதில் இல்லை.

"பூமாரி, அப்பா வந்திருக்காங்க."

கடைசிக் கட்டிலின் ஸ்பிரிங் மெல்ல முனகியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தால் வரும் சத்தம்.

ஈரக் கம்பளியின் வாசனை நெருங்கியது.

சிமெண்டுத் தரையில் வெறுங்கால் சத்தம். ஒன்று. இன்னொன்று. அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இடது காது முழுக்கச் சில்லென்று ஆயிற்று.

"என்ன சொல்லணும் டீச்சர்?" என்று அந்தச் சளி கட்டிய குரல் கேட்டது. "போறேன்னு சொல்லவா, போயிட்டு வாறேன்னு சொல்லவா?"

 சந்தனமேரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே அந்தக் காலடியும் வந்தது. கேட்டைத் தாண்டினாள். பனிக்குள் பத்தடி தள்ளிக் காளிச்சாமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவோமோ என்பவன் போல. வரப்போகிற ஏப்ரலை அவள் நினைத்தாள், மே மாதத்தை நினைத்தாள். அந்தக் கூடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் வராத சாயங்காலங்களை நினைத்தாள்.

ஒரே எழுத்து. போ. அது நாக்கின் நுனிவரை வந்தது.

"போயிட்டு வா" என்றாள் அவள், மிக மெல்ல.

பக்கத்தில் இருந்த குளிர் விலகியது. காளிச்சாமி வந்து பெட்டியைத் தோளில் வைத்தான். "சொல்லிட்டீங்களா?" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் வலது கையைச் சற்றே தாழ்த்தி, விரல்களை மடக்காமல், சின்னப் பிள்ளையோடு நடப்பவர்கள் நடக்கிற வேகத்தில் இறங்கிப் போனான்.

பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று அன்று சாயங்காலம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். நம்ப முடியவில்லை.

அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. உண்மையிலேயே காலி. தைல வாசனை இல்லை, ஸ்பிரிங் சத்தம் இல்லை. சந்தனமேரி ரேடியோ வைத்தாள், அலுத்துப்போய் நிறுத்தினாள். வருஷக் கடைசிக்கு எழுத வேண்டிய ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தாள். ஹாஸ்டலில் முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், முப்பத்தொரு பேர் வீடு சென்றார்கள் என்று எழுதிவிட்டு, அந்த வரிக்கு மேல் நகர முடியாமல் நாள் கணக்கில் இருந்தாள். காளிச்சாமியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பல நாள் நினைத்தாள். போகவில்லை. செய்தது பாவம் என்று தெரிந்தும் ஜூன் ஒன்றாம் தேதியை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வெட்கத்தை அவள் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

ஜூன் முதல் நாள் விடாத மழை. ஜீப்புகள் வந்தன. குடைகளும் பெட்டிகளும் புதுப் பிள்ளைகளின் அழுகையுமாக மத்தியானம்வரை ஒரே அமளி. எல்லா அப்பாக்களும் திரும்பிப் போன பிறகு காளிச்சாமி வந்தான். குடை இல்லை. வலது கையைத் தாழ்த்திப் பிடித்திருந்தான்.

"ரெண்டு மாசமும் வீட்டுல இருந்தா டீச்சர்" என்றான். "நாய் அவ பாய்கிட்டயே படுத்து வாலாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நாலு தடவ பூச போட்டேன், அம்மாட்ட போய்ச் சேரும்மான்னு. போகல. இன்னிக்குக் காலைல நாய் எந்திரிச்சு ரோடு வரைக்கும் போயி ஊளையிட்டுச்சு. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. மழையில தனியா விட முடியுமா? அதான் கூட வந்தேன்."

கேட்டின் உள்பக்கம் ஈரக் கம்பளி வாசனை வந்து நின்றது.

"அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?"

"போயிட்டு வான்னு சொன்னேன்."

"வாய் தவறிடுச்சா?"

"இல்ல" என்றாள் சந்தனமேரி. அவளுக்கு அழுகை வந்தது.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் எலும்பு துருத்தியிருந்தது, இரண்டே மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"ஒத்தையா இருக்கிறது எனக்கும் தெரியும் டீச்சர்" என்றான். "உங்க எடத்துல இருந்திருந்தா, போங்கிற அந்தச் சொல்லு என் வாயிலயும் வந்திருக்காது." திரும்பினான். "சரி. போறேன்."

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை அவள் திருத்தவில்லை.

"போறேன்னா என்ன அர்த்தம்?"

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. சளி கட்டிய குரல்தான். ஆனால் ஏற்ற இறக்கம் அப்படியே அவளுடையது.

"திரும்பி வர மாட்டீங்களா? ஒழுங்கா சொல்லுங்கப்பா."

காளிச்சாமி நின்றுவிட்டான். இந்தத் தடவை அவனுக்கும் கேட்டிருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு மகளின் குரலைக் கேட்ட அந்த முகத்தைச் சந்தனமேரி பார்த்தாள்.

"பதில் சொல்லாதீங்க காளிச்சாமி. அந்தச் சொல்லு உங்களையும் கட்டிப்போட்டுரும்."

அவன் அவளைக் கவனிக்கவே இல்லை. அவன் கண் அவளைத் தாண்டி, கேட்டுக்குப் பின்னால், பிள்ளை உயரத்தில் நிலைத்திருந்தது.

"போயிட்டு வாறேன் தாயி" என்றான்.

"ம்" என்றது குரல். "போயிட்டு வாங்க."