ரிகாங் உச்சியில் ஒரு கேமரா

“குக்கரா? இருபதாயிரம் அடி மலைக்குக் குக்கரைத் தூக்கிட்டு வரப் போறியா?”

அங்கை என்கிற அங்கயற்கண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். லடாக்கில், ரிகாங் பனிமலையின் அடிவாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜெபராஜ் மசியவில்லை. நாகர்கோவில்காரன் அவன், மலையேற்றப் பயிற்சியில் கிடைத்த நண்பன்.

“அந்த உயரத்துல அரிசி சும்மா வேகாது மக்கா. எனக்குச் சோறு வேணும். நாந்தானே சுமக்கேன், உனக்கென்ன?”

வழிகாட்டி ஸ்டான்சினும் சிரித்தார். சென்னைப் பட்டாளத்தாரோடு பழகியவர். தமிழ் கொஞ்சம் வரும். “தம்பி நல்ல ஆளு. மண்டைதான் கனம்!”

சிரிப்பெல்லாம் ஒருபக்கம் இருக்க, அங்கை வந்தது அண்ணன் சொக்கனுக்காக. போன வருடம் அவன் தனியாக இதே உச்சிக்கு ஏறினான். கேமராவைத் தானாகப் படம் எடுக்கும்படி முடுக்கி வைக்க இரண்டு கையுறைகளையும் கழற்றினான். சில நிமிடங்கள்தான்! குளிரில் விரல்கள் மரத்துப்போயின. பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாமல், முன்பு ஏறியவர்கள் உச்சியில் வைத்திருந்த தகரப்பெட்டிக்குள் கேமராவைத் தள்ளிவிட்டு உயிர் பிழைத்து இறங்கினான். வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஆதாரம் இல்லாததால் அவன் ஏறியது பதிவாகவும் இல்லை. “கதை விடுறான்” என்று மதுரையில் நாலு பேர் சிரித்தபோது, அந்தக் கேமராவை எடுத்து வந்தே தீருவதென்று அங்கை கிளம்பிவிட்டாள்.

நான்காம் நாள் மேல்முகாமை அடைந்தார்கள். ஜெபராஜுக்கு லேசாகத் தலைவலி. அந்த உயரத்தில் தலைவலியோடு மேலே ஏறுவது வம்பை விலைகொடுத்து வாங்குவதுதான். அவன் கூடாரத்தில் தங்கிவிட, அங்கையும் ஸ்டான்சினும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு விடியலில் புறப்பட்டார்கள்.

“பன்னிரண்டு மணி ஆச்சா, எங்க நின்னாலும் திரும்பணும்!” என்றார் ஸ்டான்சின்.

நாலு அடி வைப்பாள், நின்று மூச்சு வாங்குவாள். மறுபடி நாலு அடி. நெஞ்சு உலைத்துருத்திபோல அடித்துக்கொண்டது. ஆனால் வெயில் பட்டுப் பனிச்சரிவு முழுவதும் பொன்னாக மின்னியபோது, அண்ணன் ஏன் இந்த மலைமேல் பைத்தியமானான் என்று அவளுக்குப் புரிந்தது. எவ்வளவு அழகு! காலடியில் மேகம், தலைக்கு மேலே கருநீல வானம்.

பதினொன்று ஐம்பதுக்கு உச்சி! அங்கை பனிக்கோடரியால் பரபரவென்று தோண்டினாள். டங்! தகரப்பெட்டி! உள்ளே, அண்ணனின் கேமரா!

“கிடைச்சிருச்சு!” என்று அவள் குதிக்க, ஸ்டான்சின் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

தானும் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை பொங்கியது. செல்போன் பைக்குள்தான் இருந்தது. அவள் கை கையுறையின் விளிம்புவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு கேமராவை மட்டும் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

முகாமை நெருங்கும்போது மேகம் வந்து மூடியது. நீட்டிய கை தெரியவில்லை. வந்த காலடித் தடங்களும் மறைந்துவிட்டன. முகாம் பக்கத்தில்தான் எங்கோ இருந்தது. ஆனால் அதன் வலப்புறம் ஆளையே விழுங்கும் பனிப்பிளவு.

“எங்கிட்டுண்ணே போறது?”

“தெரியல” என்றார் ஸ்டான்சின். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. கேமராவோடு இங்கேயே புதைந்துவிடுவோமோ என்று அவள் பயந்தாள்.

அப்போது இடப்பக்கத்திலிருந்து, “உஸ்ஸ்ஸ்ஸ்!”

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும், “உஸ்ஸ்ஸ்ஸ்!”

“குக்கர்!” என்று கத்தினாள் அங்கை.

ஒவ்வொரு விசிலுக்கும் பத்தடி. விசில் நின்றால் அவர்களும் நின்றார்கள். பதினேழாவது விசிலில் கூடாரக் கயிறு காலில் தட்டியது. அடுப்பின் முன்னால் குந்தியிருந்த ஜெபராஜ் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டான்.

“மேகம் எறங்குனதும் வழி தப்பிருவியளோன்னு பதறிட்டேன். சோறு எப்பவோ வெந்தாச்சு. அப்புறம் பனியை அள்ளிப் போட்டுப் போட்டு விசில் அடிச்சேன் மக்கா!”

அந்தச் சோற்றைப் போல ருசியான சோற்றை அங்கை பிறந்ததிலிருந்து தின்றதில்லை. இறங்கும்போது குக்கரை அவளே சுமந்தாள்.

மதுரை வீட்டில் கேமராவின் நினைவு அட்டையைக் கணினியில் செருகினார்கள். உச்சியில் சொக்கன்! கையுறை இல்லாத இரண்டு கைகளையும் வானத்துக்கு விரித்து, வாயெல்லாம் பல்லாக நின்றான். இனி அவன் பெயர் பதிவாகும். யாரும் சிரிக்க முடியாது.

சொக்கன் படத்தையே பார்த்தான். திரையில் விரல் வைத்து எண்ணினான். “பத்தும் இருக்கு பாருடி!” என்று கண்கலங்கச் சிரித்தான்.

“சரி, உன் போட்டோ எங்க?”

“எடுக்கலண்ணே. கையுறையைக் கழட்டணுமே.”

அவன் அவள் கைகளைத் தன் கைகளில் வாங்கி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தான்.

“இதைவிட நல்ல போட்டோ வேற ஏதுடி!” என்றான்.