தாழ்ப்பாள் தேடும் கை

கோதண்டத்தின் இடது கை சட்டைப் பித்தான்களைப் போட்டுக்கொண்டே கீழே இறங்கியது. அதன் பின்னாலேயே வலது கை வந்து, போட்டதையெல்லாம் கழற்றிவிட்டது. கடைசிப் பித்தானுக்கு வருவதற்குள் சட்டை மறுபடியும் திறந்து கிடந்தது. கழற்று என்று அவர் சொல்லவே இல்லை.

"இன்னாய்யா, சட்டையோட சண்டையா?" கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் ஜெயக்கொடி.

"நான் இல்லடி. இதான்." முகவாயால் வலது கையைக் காட்டினார்.

"ஆமா, நீ ஒர்த்தன், உன் கை ஒர்த்தன். சோறு மட்டும் ஒரே வாய்க்கு." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூளையில் ரத்தம் அடைத்துக் கீழே விழுந்து, பிழைத்து எழுந்ததிலிருந்து அந்தக் கை இப்படித்தான். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் ஷைனி என்ற பெண் விளக்கம் சொன்னாள். "கை அசையறதுக்கு முன்னாடியே மூளை உள்ள வேலைய ஆரம்பிச்சிடும் தாத்தா. 'நான் தூக்கப்போறேன்'னு உங்களுக்குத் தோணறதே அப்பறந்தான். உங்களுக்கு அந்தச் சேதி வர்ற வழி விட்டுப்போச்சு."

"அப்போ ஹார்பர்ல இத்தினி வருசம் மூட்டைக்குக் கயிறு கட்னது யாரு? நானா, அதுவா?"

அவள் சிரித்துவிட்டு, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். படித்தவர்கள் பதில் தெரியாவிட்டால் அப்படித்தான். சிரிப்பார்கள், பந்து கொடுப்பார்கள்.

அன்றைக்கு உச்சிவெயிலில் அந்த வாடை வந்தது. எண்ணூரில் வாடைக்குப் பஞ்சமில்லை, சாம்பல், கருவாடு, எண்ணெய் என்று மூக்கு எல்லாவற்றுக்கும் பழகிக் கிடக்கும். இது வேறு. கண்ணுக்குள் ஊசி ஏற்றுவது போல, தொண்டைக்குள் சுண்ணாம்பு தடவுவது போல. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா சுவரைத் தட்டினாள்.

"ஜெயாக்கா! கேஸு வுட்டுக்கீது! கதவ சாத்து, ஈரத்துணி அடைச்சி வை! இன்னா ஆனாலும் தொறக்காத!"

"நீ எங்கடி போற?"

"புள்ளைங்கள இஸ்துகினு ஓடறேன். உன்னால ஓட முடியாதுன்னு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு சொல்லிட்டேங்கா, வேனு வந்து தூக்கினு போவும். வெளிய மட்டும் வந்துடாத!"

ஓடும் செருப்புச் சத்தம். ஒரு குழந்தையின் அழுகை. பிறகு அதுவும் இல்லை.

எந்தக் குழாய் உடைந்தது, யாருடையது என்று யார் சொல்லப்போகிறார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் செய்ய வேண்டியது தெரியும். கோதண்டம் லுங்கியை நனைத்துக் கதவடி இடுக்கில் திணித்தார், பழைய புடவையை நனைத்து ஜன்னலில் அடைத்தார், ஒரு துண்டை நனைத்து ஜெயக்கொடியின் மூக்கின் மேல் போட்டார். எல்லாம் இடது கையால். போன மழைக்கு முன்னால் குப்பைமேட்டுப் புகையில் அவளுக்கு மூச்சு நின்றே போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் தூக்கிக்கொண்டு வந்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர்கள் சொன்னதில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

கரண்டு போயிற்று. விசிறி கடகடவென்று இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்ததும், காக்கை கத்தாத, லாரி உறுமாத, கடல்கூட எங்கோ தள்ளிப் போய்விட்ட மாதிரியான ஒரு அமைதி அந்த ஒற்றை அறைக்குள் இறங்கியது. அதற்குள், கிளம்ப மறுக்கும் படகு மோட்டாரைப் போல ஜெயக்கொடியின் மூச்சு இழுத்து இழுத்து நின்றது. ஈரத்துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் கறுப்பாகப் பரவியது.

வலது கை இத்தனை நேரமும் சும்மா இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவருக்குக் கதவடியில் ஏதோ உரசுவது கேட்டது. எலி என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை லுங்கியின் நுனியைப் பிடித்து, நிதானமாக வெளியே உருவிக்கொண்டிருந்தது.

"டேய்!" என்றார், நாயை அதட்டுவது போல.

இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அது நண்டு மாதிரி துணியைக் கவ்விக்கொண்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். துணியை மறுபடி திணித்தார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, நைலான் கயிற்றால் அந்தக் கையைக் கட்டில் காலோடு சேர்த்து, பல்லால் கடித்து இழுத்துக் கட்டினார்.

"இன்னாய்யா பண்ற?" துணிக்கடியிலிருந்து குரல்.

"ஒன்னியும் இல்ல. நீ பேசாத. வேனு வரும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துத்தான் முடிச்சைப் பார்த்தார். ஹார்பர் முடிச்சு. சரக்கு கீழே இறங்கியதும் ஒரே இழுப்பில் விட்டுவிட வேண்டும் என்பதற்காகத் துறைமுகத்தில் போடுகிற முடிச்சு. ஆயுசு முழுக்க அதைத்தான் போட்டார். யோசிக்காமல் இன்றைக்கும் அதையே போட்டிருக்கிறார். அதை அவிழ்த்துப் பழகியது வலது கை.

சுண்டுவிரல் நிமிர்ந்தது. கயிற்றின் வாலைத் தேடியது. கண்டுபிடித்தது.

ஒரே இழுப்பு.

அதைப் பிடிக்க இடது கையை நீட்ட நினைத்தார். நீளவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்தார். அதற்குள் எழுந்து நின்றிருந்தார்.

கால் ஒரு அடி வைத்தது. அவர் வைக்கவில்லை.

இன்னொரு அடி.

நில். நில்லு. சொல்லிச் சொல்லிப் பார்த்தார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியவில்லை. உள்ளே யாரோ முன்னாலேயே முடிவு பண்ணியாகிவிட்டது. இவருக்குச் சேதி மட்டும் வந்துகொண்டிருந்தது.

காலே லுங்கியை ஒதுக்கித் தள்ளியது. கதவடியில் வெள்ளையாக ஒரு வெளிச்சக் கோடு. வாடை. கண் எரிச்சல்.

கத்த வேண்டும். கத்தினால் அவள் எழுவாள். காலைக் கட்டிக்கொள்வாள். வாயைத் திறந்தார்.

இடது கை வந்தது.

நல்ல கை. சொன்னதைக் கேட்கிற கை. அது வாயைப் பொத்தியது. வலிக்காமல், அழுத்தமாக.

வலது கை தாழ்ப்பாளைத் தொட்டது.

இரும்பு கிறீச்சிட்டதில் ஜெயக்கொடி கண்ணைத் திறந்தாள். தன் புருசன் வாயைப் பொத்திக்கொண்டு கதவருகே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தாள். அவர் உடம்பில் ஒரு நடுக்கமும் இல்லை.

"வேனு வந்துட்ச்சாய்யா?"

இல்லை. இல்லைடி. இல்லை.

அவர் தலை, ஆமாம் என்று ஆடியது.

அவள் மூக்கின் மேலிருந்த ஈரத்துண்டை எடுத்து மடித்துத் தலையணை மேல் வைத்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தாள். பிறகு, எழுப்பிவிடச் சொல்லி அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

தாழ்ப்பாள் விலகியது.