பன்னிரண்டாவது மேற்கோள்

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி எங்கள் ஆய்வகத்தில் யாரும் குடுவையைத் தொடமாட்டார்கள். அன்று மேற்கோள் நாள். காலை எட்டு மணியிலிருந்தே எல்லோர் காதிலும் தொலைபேசிதான். "சார், உங்க படிகக் கட்டுரைக்கு ஒண்ணு போட்டுட்டேன். நம்மளதையும் கொஞ்சம் பார்த்துக்குங்க." எதிர்வீட்டுக்குப் போன தீபாவளிப் பலகாரத் தட்டு வெறுமனே திரும்பி வருமா என்ன?

ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு மேற்கோள்கள். மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் காலாவதி. இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. என் பெற்றோர் காலத்தில் இயந்திரங்கள் கோடிக்கணக்கில் கட்டுரை எழுதி, ஒன்றையொன்று மேற்கோள் காட்டி, வேதியியலையும் இயற்பியலையும் குப்பைமேடாக்கிவிட்டன. அதனால்தான் சட்டம் வந்தது. மனிதர் மட்டுமே மேற்கோள் தரலாம், அதுவும் அளவோடு. ஒன்பது ஆண்டுகள் ஒரு மேற்கோளும் பெறாத கட்டுரை பொது அறிவகத்திலிருந்து உதிர்ந்துவிடும்; கட்டுரை ஏதும் மிஞ்சாதவரின் பெயரும் கூடவே. பிரதி வைத்திருப்பது குற்றம். அந்தச் சட்டத்துக்கு உற்சாகமாகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

உப்பு மின்கலத்தைச் செய்த தமயந்தி என்றால் துறையில் தெரியாதவர் இல்லை. என் தாக்க எண், அதாவது இதுவரை பெற்ற மேற்கோள்களின் கணக்கு, நூற்று நாற்பது. கடலோரத்தில் நாலு லட்சம் வீடுகளில் என் மின்கலம்தான் விளக்கெரிக்கிறது. நாற்பத்தோரு டிகிரி வரை பத்தாண்டு உழைக்கும் என்று சொல்லியிருந்தேன். இந்தக் கோடை மார்ச்சிலேயே நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. அரசிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: இந்த வெயிலில் மின்கலங்கள் எப்போது வெடிக்கும்?

அதற்கான பதில் என்னிடம் இருந்ததே இல்லை. அது இஞ்ஞாசியுடையது. இதே ஆய்வகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், என்னைவிட நாலு வயது இளையவர். தூத்துக்குடிக் கடற்காற்றில் உப்பு மின்கல மாதிரிகளை வைத்து, ஆறு ஆண்டுகள் ஒவ்வொரு வெப்பநிலையாகப் பார்த்து, எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒரு நீண்ட அட்டவணை போட்டிருந்தார். அதில் நாற்பத்தொன்று என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேற்கோள் தரவில்லை. தந்தால் தனி ஆளான அவரால் திருப்பித் தர முடிந்தது ஒன்றோ இரண்டோதான். பெரிய இடத்தில் கொடுத்தால் ஒரு குழுவே திருப்பித் தரும். அடுத்த வருடம் கட்டாயம் தருவோம் என்று ஒவ்வொரு மார்ச்சிலும் நினைத்துக்கொள்வேன்.

இந்த முறை பதினொன்றைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாவதை அவருக்கென்றே வைத்திருந்தேன். அறிவகத்தில் தேடினேன். "உதிர்ந்தது. சென்ற ஆண்டு, ஏப்ரல் 1" என்று வந்தது. அதற்கு முந்தைய நாள் என் கடைசி மேற்கோளைத் ஒரு விருதின் தேர்வுக்குழுத் தலைவருக்குக் கொடுத்திருந்தேன். அவர் கட்டுரையை இன்றுவரை நான் படித்ததில்லை.

இஞ்ஞாசியின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். ஐஸ் பிளான்டில் கம்ப்ரசர் பார்க்கும் வேலையில் இருந்தார்.

"அக்காவா! எப்படி இருக்கிய? டிவில அடிக்கடி பாக்குதேன்."

"இஞ்ஞாசி, உங்க வெப்ப அட்டவணை வேணும். நாப்பத்தஞ்சு டிகிரியில எத்தனை வருஷம்னு போட்டிருந்தீங்க?"

அவர் யோசித்தார். பின்னால் இயந்திரம் இரைந்தது.

"மனசுல இல்லக்கா. மூணா, நாலா... தப்பாச் சொல்லிரக் கூடாதுல்லா. எல்லாத்தையும் அறிவகத்துல போட்டாச்சுன்னு இங்க ஒண்ணும் வச்சுக்கல. மன்னிச்சிருங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

"அக்கா, அப்படி ஒரு அட்டவணை இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"எப்ப?"

"வெளிவந்த வாரமே. ரெண்டு தடவை. அதை வச்சுத்தான் மின்கலமே செஞ்சேன்."



"நெசமாவாக்கா? தெனமும் காலையில தொறந்து பாப்பேன். மேற்கோள் சைபர்தான் கெடக்கும். ஒருத்தர்கூடப் படிக்கல, நமக்கு இந்தப் படிப்பெல்லாம் வராதுன்னுதான் கட்டுரை வந்த நாலாம் வருஷம் விட்டுட்டு வந்தேன். நீங்க படிச்சியளா? போதும்க்கா. வீட்டுல சொல்லணும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சந்தோஷப்பட்டார்.

அரசுக்கு உண்மையை எழுதினேன்: "தெரியாது. நாலு லட்சம் வீடுகளிலிருந்தும் கழற்றிவிடுங்கள். மறுபடி கண்டுபிடிக்க ஆறு ஆண்டுகள் ஆகும். அந்த வரி என்னுடையதல்ல, இஞ்ஞாசியுடையது." தாக்க எண்ணோடு சேர்த்து என் பெயரும் போகும். போகட்டும்.

ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. எஞ்சிய மேற்கோளை யாருக்குத் தருகிறீர்கள் என்று திரை கேட்டது. அவருடைய முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி அடித்தேன்.

அப்படி ஓர் ஆய்வாளர் இருந்ததில்லை என்றது.