கழற்றி வைத்த ஷாப்ட்

காரிலிருந்து கழற்றி நான்கு நாளாகியும், சக்கரங்களைச் சுழற்றும் அந்த இரும்புக் குழாய், டிரைவ் ஷாப்ட், வெதுவெதுப்பாகவே இருந்தது.

சிவசங்கர் முதலில் வெயிலைத்தான் நினைத்தார். குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தகரக் கொட்டகை பிற்பகலில் அப்படித்தான் கொதிக்கும். ஆனால் இன்று மழை மூட்டம். பக்கத்தில் கிடந்த ஸ்பேனர்கள் சில்லென்றிருந்தன. இந்த மாதத்தோடு மைன்ஸில் ரிட்டயர்மென்ட். வீட்டைக் காலி செய்யும்போது, நெல்லிக்குப்பத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து வாங்கி வந்த இந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டுதான் வெளியேற வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம்.

முப்பது வருடம் கன்வேயர் உருளைகளின் கிரீஸில் ஊறிய கை அது. எந்த அழுக்குக்கும் கூசியதில்லை. ஆனால் ஷாப்டின் முனையிலிருந்த கூட்டல் குறி வடிவ இணைப்பான கிராஸைத் தட்டி எடுத்தபோது வழிந்த கிரீஸ் சாம்பல் நிறத்தில் நூல் நூலாக இழுபட்டு, விரலிடுக்கில் சளி போல ஒட்டிக்கொண்டு, பல் துலக்காத வாயைக் கிட்டத்தில் வைத்து யாரோ மூச்சுவிட்டது போல நாறியது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். துடைத்த இடத்தில் மறுபடி கசிந்தது.

மனைவி தமயந்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“ஏங்க, வூடு பூரா நாறிகினு கெடக்குது. எலி எதுனா செத்துப்போச்சா?”

“பைப்புக்குள்ள இருக்கும்போல. அது நசுங்கித்தான் கெடக்குது. அறுத்துட்டு வேற பைப்பு வெல்டு வச்சிக்கலாம்.”

“சோத்துல கை வைக்க முடியல. தூக்கிக் கடாசுங்க.”

எலிதான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார். ஷாப்டை மேசையிலிருந்த வைஸ் இடுக்கியில் மாட்டி இறுக்கினார். குழாய் அமுங்கியது. தளர்த்தியதும் பழையபடி உப்பியது. இரும்பு அப்படிச் செய்யாது.

ரம்பத்தை வைத்து இழுத்தார். முதலில் கிறீச்சென்ற இரும்புச் சத்தம். பிறகு அது அடங்கிவிட்டது. பிளேடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. துருத்தூள் இல்லை. ஈரம். இளஞ்சிவப்பாக. அவர் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தி அதைப் பார்க்கத் தைரியமில்லை.

துண்டு தரையில் விழுந்தது. தொப்பென்று.

அறுபட்ட முனையில் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். எலி இல்லை. சுற்றிலும் சிவந்த, நனைந்த தசை. கன்னத்தின் உட்புறம் போல. நடுவில் ஒரு சிறு துவாரம்.

“எலிதானங்க?” பின்னாலிருந்து தமயந்தி கேட்டாள்.

அவர் குனிந்து விரலை நீட்டினார். விரல் நுனியில் திரண்ட ஒரு சொட்டு கிரீஸ் துவாரத்தின் மேல் விழுந்தது.

துவாரம் சுருங்கியது. விழுங்கியது. பிறகு, அவர் முகத்துக்கு நேராக, மெல்ல அகலத் திறந்தது.