கரண்ட் சாரும் பைக் மேடமும்

"மேடம்... மேடம்! அந்த வேலியைத் தொடாதீங்க!"

மழை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது அந்தக் குரல். இரும்பு வேலியில் சாய்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தொப்பியும் கறுப்புக் குடையுமாக ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் துணை மின்நிலையம். மழையில் நனைந்தபடி வரிசை வரிசையாக இரும்புக் கம்பங்கள், பீங்கான் தட்டுகள், யானை படுத்திருப்பதுபோல் பெரிய பெரிய டிரான்ஸ்பார்மர்கள்...

அவள் கையை எடுக்கவில்லை.

"ஏன் தொடக் கூடாது? வேலியை எர்த் பண்ணியிருப்பீங்களே... பண்ணலையா?"

ஓடி வந்தவன் சட்டென்று நின்றுவிட்டான். இப்படித் திருப்பிக் கேட்ட ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று அவன் முகமே சொன்னது.

"பண்ணியிருக்கு..." என்றான் மெல்ல. "எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லுங்க, நல்லதுதான். எனக்கு இப்போ ஒரு பிளக் பாயின்ட் வேணும். அவசரம்."

அவளுக்கு முப்பத்து நாலு வயது. பதினெட்டு வயதில் பிடித்த ஹாண்டிலை இன்னும் விடவில்லை. சின்னச் சின்னக் கிளினிக்குகளில் எடுத்த ரத்த மாதிரிகளை நகரத்தின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. மாதிரிகள் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக, வண்டியின் பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி ஒன்றை அவளே செய்து பின்சீட்டில் கட்டியிருந்தாள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் சுட்டு, மறுபக்கம் ஜில்லிட்டுப் போகும் சின்னத் தகடு ஒன்று அதற்குள் இருந்தது. அதை முதல்முதலில் விரலால் தொட்டுப் பார்த்த அன்று அவள் தூங்கவே இல்லை.

இன்று வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடாமல் பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? பெட்டிக்குள் பதினாறு பேரின் ரத்தம்.

அவள் சொன்னதைக் கேட்டதும் உள்ளே ஓடினான். நீளமான ஒயர் சுருள் ஒன்றை எடுத்து வந்து கேட்டுக்கு அடியில் தள்ளினான்.

"உள்ள விட ரூல்ஸ் இல்ல. இங்கயே சார்ஜரைச் சொருகிக்கோங்க."

அவள் சொருகினாள். குளிர்பெட்டியின் பச்சை விளக்கு மறுபடி பளிச்சென்று எரிந்தது. மூச்சு வந்தது அவளுக்கு. அவன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து குடையைப் பிடித்தான்... அவளுக்கு அல்ல, அந்த பிளக்குக்கு!

தொப்பலாக நனைந்துகொண்டே வண்டியின் அருகில் குந்தினாள் அவள். எஞ்சினின் ஸ்பார்க் பிளக் மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கழற்றினாள், ஊதினாள், துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

"ஏன் சார்... குடைக்குள்ள பிளக்குக்கு மட்டும்தான் இடமா?"

"நீங்க நனைஞ்சா ஜலதோஷம்தான். பிளக் நனைஞ்சா ரெண்டு பேரும் போயிடுவோம்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் கவனித்தாள்... அவன் கண்களை. இமையில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்காமல் குடையைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

அப்போது மேலே 'ஸ்ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். எண்ணெயில் கடுகு பொரிவதுபோல, ஆனால் வானம் முழுக்க.

"என்ன சார் அது?"

"லைன்தான். மழை பெஞ்சா கம்பியில ஓடற கரண்ட் காத்துல கசியும். மத்த நாள் முணுமுணுக்கும், மழை நாள்ல இப்படிச் சீறும்." அவன் குரல் தானாகத் தணிந்தது. "இந்த ஊர்ல எரியற விளக்கு, ஓடற ஃபேன், ஆபரேஷன் தியேட்டர்... எல்லாம் அந்த மூணு கம்பி வழியாத்தான் வருது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் மழை. விரல் தடிமன்கூடச் சரியாகத் தெரியாத மூன்றே கம்பிகள்... அதற்குள்ளா ஒரு ஊர்? இத்தனை வருஷம் சுவிட்சிலும் ஹோல்டரிலும் அவள் பார்த்துப் பழகியது, நதியிலிருந்து சொம்பில் மொண்ட தண்ணீர்தானா? நதி இங்கே அல்லவா தலைக்கு மேல் ஓடுகிறது!

உடம்பு சிலிர்த்தது அவளுக்கு. குளிரினால் மட்டும் அல்ல.

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. பெட்டி சரியான நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தது.

மறுநாளிலிருந்து அவள் பாதை மாறிப்போனது. சுற்றுவழிதான், இருந்தாலும் தினமும் பதினொரு மணிக்கு மின்நிலைய கேட் முன்னால் வண்டி இரண்டு நிமிஷம் நின்றது. இரண்டு, ஐந்தாகி... பத்தானது.

"கரண்ட் சார், இன்னிக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்க, பைக் மேடம்."

"குருவி அந்தக் கம்பியில உக்காருதே, அதுக்கு ஏன் ஷாக் அடிக்கல?"

"அது ஒரே கம்பியில ரெண்டு காலையும் வைக்குது. கரண்ட்டுக்கு அதுக்குள்ள போக வேலையே இல்ல."

"அப்போ நான் அதுல தொங்கினா?"

"உங்களுக்கு ஒரு கம்பியோட நிக்கத் தெரியாதே! பக்கத்துக் கம்பியில என்ன இருக்குன்னு கையை நீட்டுவீங்க."

அவள் தன் வீட்டுக் கதைகளை அளந்தாள். மாடித் தொட்டி நிரம்பினால் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவி, அம்மா மாத்திரை சாப்பிடும் நேரத்துக்குச் சமையலறையில் எரியும் சிவப்பு விளக்கு... எல்லாம் அவள் செய்தது. பழைய ஒயரெல்லாம் கருகிப்போன வருஷம், பத்தொன்பது வயதில், வீடு முழுக்க ஒற்றை ஆளாக ஒயரிங் போட்டவள் அவள். அதைச் சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

அவன் கண் இமைக்காமல் கேட்பான். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு கதையைத் தேடத் தோன்றும் அவளுக்கு.

மகள் போனைப் பார்த்துச் சிரிப்பது அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா?

"அந்த கரண்ட் தம்பியை ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லு. முகத்தையாவது பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு. அவளுடைய அண்ணன் ஒப்புக்கு வரவேற்றான். "வண்டியையே கட்டிக்கோன்னு சொல்லிக் களைச்சுப் போயிட்டோம் சார்" என்று சொல்லி அவனே சிரித்துக்கொண்டான். அம்மா காபி கலக்கப் போகிற வழியில் துணி துவைக்கும் மெஷினை நிறுத்தக் கையை வைத்தாள்... வெடுக்கென்று உதறினாள்.

"சனியன்! எப்பப் பாத்தாலும் கடிக்குது."

அவன் எழுந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு துடைத்து எடுத்ததுபோல் போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மெஷினின் உடம்பில் வைத்தான். டெஸ்டருக்குள் செக்கச் செவேலென்று விளக்கு எரிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அது கெடக்கு தம்பி, வருஷக் கணக்கா..."

"நீங்க தனியாப் போட்டதாச் சொன்ன ஒயரிங் இதுதானா?" அவன் திரும்பியே பார்க்காமல் கேட்டான்.

"இதுதான்" என்றாள் அவள். "ஏன்?"

"எர்த் இல்ல. இந்த வீட்டுக்கே எர்த் இல்ல, கசியற கரண்ட் மண்ணுக்குப் போக வழியே இல்ல. இன்னிக்கு லேசாக் கடிக்குது. உள்ள ஒரு ஒயர் உரசினா கடிக்காது, பிடிச்சுக்கும். உங்கம்மா இத்தனை நாள் உயிரோட இருக்கறதே அதிர்ஷ்டம்."

அண்ணன் கைதட்டிச் சிரித்தான். "வீட்டுலயே இன்ஜினியர் இருக்குன்னு ஊர் முழுக்க இவ தம்பட்டம் அடிச்சா சார்!"

அவள் முகம் கொதித்தது. எர்த் இல்லையா? பின்பக்கத்தில் தன் கையால் குழி தோண்டி, கம்பியை இறக்கி, மண்ணைப் போட்டு மிதித்தவள் அவள். இவன் யார் அதைச் சொல்ல... அதுவும் எல்லார் முன்னாலும்?

"போதும் சார். நீங்க கிளம்பலாம்."

"கிளம்பறேன்." நேராக மெயின் போர்டுக்குப் போனான். ஃபியூஸ் கட்டையை வெடுக்கென்று பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஃபேன் சுழன்று சுழன்று ஓய்ந்தது. "கோவிச்சுக்கோங்க. ஆனா சரி பண்ற வரைக்கும் இந்த வீட்டுல கரண்ட் ஓடக் கூடாது."

போய்விட்டான். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"பொண்ணு பாக்க வந்தவன் ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போறதை இப்பதான் பாக்கறேன்" என்றாள் அம்மா.

இன்னொரு ஃபியூஸ் கட்ட அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும். கையில் கம்பியைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு அதை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவன் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும்... அவ்வளவுதான்.

முழங்கால் ஆழம் வந்தபோது ஒயர் அகப்பட்டது. பிடித்து இழுத்தாள். எந்தப் பிடிமானமும் இல்லாமல் அப்படியே கையோடு வந்துவிட்டது. முனை பச்சைப் பொடியாக அரித்துப்போயிருந்தது. மண்ணுக்குள் புதைத்ததை ஒரு தடவை தோண்டிப் பார்க்கலாம் என்று பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் கை... தினமும், ஈரக் கை...

குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பயத்துக்கு நடுவே, திட்டினாலும் பரவாயில்லை என்று ஃபியூஸைப் பிடுங்கியவனின் முகம் வந்து நின்றது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு முன்பே கேட் முன்னால் வண்டி நின்றது. அரித்துப்போன ஒயரை கேட் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள்.

"நீங்க சொன்னது சரி."

"சொன்ன விதம் தப்பு" என்றான் அவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தூங்கவில்லை போலிருக்கிறது. "எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னமோ... உங்கம்மா கையை உதறினப்போ எனக்கு உங்க கைதான் தெரிஞ்சுது. அப்புறம் என்ன பேசினேன்னு எனக்கே தெரியல."

பதினாறு வருஷம் எத்தனையோ லாரிகளுக்கு நடுவே வளைந்து வந்தவளுக்கு, அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி வர வழி தெரியவில்லை.

அந்த வாரமே புதுக் குழி தோண்டினார்கள். அவன் தோண்ட, அவள் ஒயர் இழுத்தாள். அண்ணன்கூட வெட்கத்தோடு இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அம்மா மெஷின்மேல் ஒரு விரலை வைத்தாள். அப்புறம் உள்ளங்கையை. அப்புறம் அதன்மேல் சாய்ந்தே நின்றுகொண்டாள்.

"அம்மா, நான் சாயங்காலம் இவங்களைக் கொஞ்ச நேரம் வெளிய கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டான் அவன்.

"நீ எங்க தம்பி கூட்டிட்டுப் போறது? வண்டி அவளுது."

குளிர்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அவனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். ஊருக்கு வெளியே, பெரிய டவர் லைன் போகிற வெட்டவெளியில் வண்டியை நிறுத்தச் சொன்னான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்ததைப் பிரித்தான். ஒரு பழைய டியூப் லைட்.

"இது ஃபியூஸ் போனதாச்சே?"

"ஆமா. ஒயரும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. நடுவுல பிடிச்சு நேரா நிறுத்துங்க. தலைக்கு மேல தூக்க வேணாம்."

பிடித்தாள். ஒன்றுமில்லை. மேலே கம்பிகள் 'ம்ம்ம்...' என்று முணுமுணுத்தன. இருட்டு இன்னும் ஒரு படி இறங்கியது. பிறகு... அவள் கைக்கு மேலே, கண்ணாடிக்குள், பாலில் நீலம் கலந்ததுபோல் ஏதோ அசைந்தது.

விளக்கு எரிந்தது! எதிலும் சொருகாத, செத்துப்போன விளக்கு அவள் கையில் எரிந்தது! கையைக் கீழே நகர்த்தினாள். வெளிச்சமும் கூடவே இறங்கியது. மேலே நகர்த்தினாள், வெளிச்சம் ஒடுங்கியது. குழந்தைபோல் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"எப்படி... எப்படி இது?"

"லைனைச் சுத்தி இந்தக் காத்து முழுக்க அதோட சக்தி இருக்கு. நமக்குத் தெரியல, அவ்வளவுதான்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எனக்கு அழகாப் பேச வராது. மணிக்கொரு தடவை மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதறவன் நான். கொஞ்ச நாளா பதினொரு மணிக்கு மட்டும் தப்பாவே எழுதறேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டா கண்ணு மீட்டரை விட்டுட்டு கேட்டுக்குப் போயிடுது. மேலதிகாரி ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"கண்ணு டெஸ்ட் பண்ணணும்னேன். பொய். உண்மை என்னன்னா... உங்களைக் கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு."

அந்த நீல வெளிச்சத்தில் அவன் முகம் பரீட்சை எழுதி முடித்த பையன் முகம்போல் இருந்தது.

"வண்டியை விட மாட்டேன்."

"விடாதீங்க."

"நான் தப்புப் பண்ணா நாலு பேர் முன்னால சொல்லக் கூடாது."

"தனியாச் சொல்றேன்."

"சொல்லாம இருக்க மாட்டீங்க?"

அவன் யோசித்தான். "மாட்டேன்."

அவளுக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. டியூப்பின்மேல் அவன் கைக்கும் இடம் விட்டு ஒதுங்கினாள். அவன் தயங்கித் தயங்கி, அவள் விரலுக்குக் கீழே பிடித்தான்.

"எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு..." என்றாள் அவள். "இதையாவது தப்பில்லாம எழுதிக்கோங்க, கரண்ட் சார்."