சுவிட்சை நம்பியவர்

மதிய ரயிலில் வட்டகொடையில் இறங்கி, மூடுபனிக்குள் நடந்தே தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார் ரோகினி அக்கா. பழைய துரை பங்களாவின் பின்னறைதான் எங்கள் கம்ப்யூட்டர் நிலையம். பகலிலும் விளக்குப் போட வேண்டும். சுவர்கள் எப்போதும் வியர்த்திருக்கும்.

அவர் இங்கே கம்ப்யூட்டர் படிப்பித்த ஜெயதீபன் மாஸ்டரின் மனைவி என்று தெரியாமல், வாச்சர் சிவசாமி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கிஷாந்த் தம்பி, அந்தப் பொட்டி அலுமாரிக்கு வந்ததுல இருந்து என் ரேடியோ கரகரங்குது. மாஸ்டர்தான் ஸ்டேசனை மாத்துறாரோ என்னமோ!"

நான் கண்ணைக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

அந்தப் பெட்டி மாஸ்டரின் மடிக்கணினி. இருபது மாதங்களுக்கு முன் ஒரு காலை, சோதனைக்கு வந்தவர்கள் நனைந்த கம்பளிச் சட்டையோடு அவரையும், கூடவே அதையும் கொண்டுபோனார்கள். போன வாரம் அது மட்டும் திரும்பியது, பேட்டரியும் ஹார்ட் டிஸ்க்கும் இல்லாமல். எடுத்துக் கொடுத்தேன். அக்கா மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கோணும். அண்டைக்கு சோதனைக்கு வந்தவை வயர்லெஸ்ஸை நிப்பாட்டச் சொன்னவையாம். இவர் நிப்பாட்டிட்டன் எண்டவராம். ஆனா அவையின்ர மெஷினில சிக்னல் வந்ததாம். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். இவர் பொய் சொன்னவரோ?"

அவர் பொய் சொல்லவில்லை.

அந்தக் கணினியின் ஓரத்தில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. தள்ளினால் பக்கத்து விளக்கு அணையும். ஆனால் அந்த சுவிட்ச் உள்ளேயிருக்கும் வயர்லெஸ் ரேடியோவை நேராகத் துண்டிப்பதில்லை. நிறுத்தச் சொல்லி டிரைவர் மென்பொருளுக்குத் தகவல் தரும், அவ்வளவுதான். நிறுத்துவது டிரைவரின் வேலை. பையில் உரசி சுவிட்ச் அடிக்கடி நகர்ந்ததால், அதன் பேச்சைக் கேட்காதபடி டிரைவரை நான்தான் மாற்றி வைத்திருந்தேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை.

அன்று அவர் சுவிட்சைத் தள்ளினார். விளக்கு அணைந்தது. ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கணினி பரப்பும் வைஃபை இணைப்புக்கு மகள் மதுராவின் பெயரைத்தான் வைத்திருந்தார்.

அந்தப் பெயர் சோதனைக்கு வந்தவர்களின் திரையில் தெரிந்தபோது மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

நான் சன்னலைப் பார்த்தேன்.

இப்போது என் மேசைக் கணினி மெல்ல ஒலித்தது. அருகிலுள்ள இணைப்புகளின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

மதுரா.

முழு சிக்னல்.

நனைந்த கம்பளிச் சட்டையின் வாடை வந்தது. அக்கா உடுத்தியிருந்தது நூல் சேலை.

"சொல்லுங்கோ தம்பி."

உண்மையைச் சொன்னால், ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பார். என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்து, விடாமல் வைத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா."

அந்த மூச்சு வெளியே வந்தது. மிக நீளமாக.

தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.

"அவர் பொய் சொல்லமாட்டார் எண்டு எத்தனை கந்தோருக்கு, எத்தனை அதிகாரிக்கு எழுதினனான் தெரியுமோ? பக்கத்தில நிண்ட உங்களாலயே இல்லையெண்டு சொல்லேலாமல் கிடக்கு. என்னட்டையும் மறைச்சுப்போட்டார். இனி எழுதமாட்டன்."

நான் தடுக்கவில்லை.

அட்டன் பஸ் அவரையும் கணினியையும் ஏற்றிக்கொண்டு பனிக்குள் மறைந்தது. திரும்பி வந்து பார்த்தேன். பெயர் அப்படியே இருந்தது. சிக்னல் ஒரு கோடுகூடக் குறையவில்லை.

என் கணினியின் வயர்லெஸ் கார்டைப் பிடுங்கினேன். உள்ளங்கையில் அது சூடாக இருந்தது.

திரையில் எழுத்து மாறியது.

இணைந்துவிட்டது.

நான் எதையும் அழுத்தவில்லை. விவரப் பெட்டி தானாகத் திறந்தது. எவ்வளவு காலமாக இணைந்திருக்கிறது என்று அதில் ஒரு வரி இருக்கும்.

611 நாட்கள்.

நாட்காட்டியைப் புரட்டி எண்ணினேன். மாஸ்டரை ஏற்றிப்போன நாளிலிருந்து சரியாக அத்தனை. என் மேசையிலிருக்கும் இந்தக் கணினியோ, நிலையத்துக்கு வந்தே நான்கு மாதங்கள்தான் ஆகின்றன.

நாட்களுக்குப் பக்கத்தில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.